கெண்டைக்காலில் அம்மன் நூல்

எழுபதுகளில் ஒரு மாரிகாலத்தில் எனக்குக் குடலிறக்கத்துக்கு வெட்டினார்கள். அப்போது நான் இருநூற்று முப்பது இறாத்தல். ஆஸ்பத்திரித் தராசு அதற்குமேல் காட்டாது, கூடவும் இருந்திருக்கலாம்.

மறுநாள் டொக்டர் வாட்டு முழுவதற்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னார்: "உம்மட உடம்புக்குப் படுத்தே கிடந்தால் காலுக்கை இரத்தம் கட்டும். அது நெஞ்சுக்கு ஏறினால் ஆள் முடிஞ்சுது. எழும்பி நடவும்."

நடந்தேன். நடக்காத நேரமெல்லாம் காலைப் பார்த்தேன். இரத்தம் கட்டினால் கால் வீங்குமாம். கையில் கட்டவென்று மனைவி நயினாதீவுக் கோயிலிலிருந்து கொண்டுவந்த அம்மன் நூலைக் கெண்டைக்காலில் சுற்றி, அளவுக்கு முடிச்சுப் போட்டுத் தினமும் ஒத்துப்பார்த்தேன்.

"அம்மன்ரை நூலைக் காலிலையோ?" என்றாள் மனைவி.

"கால் போனால் கோயிலுக்கு எதாலை வாறது?"

ஒருநாள் நூல் எட்டவில்லை. ஓலமிட்டு வாட்டையே கூட்டினேன். உடுத்திருந்த சாரத்துக்கு மேலால் அளந்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் நெடுந்தீவு ஆள் ஒருவர்; மாடு வளர்ப்பவர், மெலிந்த தேகம். வயிற்றில் வெட்டி எட்டு நாளாகியும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. இறங்கச் சொல்லவும் ஆளில்லை.

"அண்ணை, உங்கட காலுக்கு நூல் காணாது, வள்ளக்கயிறு வேணும்," என்பார்.

பழிவாங்க எண்ணி ஒரு பின்னேரம், "உம்மட கொக்குக்காலையும் அளப்பம்," என்று நூலைச் சுற்றினேன். வலக்காலில் போட்ட முடிச்சு இடக்காலுக்கு இரண்டு விரல் எட்டவில்லை. தொட்டால் சுட்டது.

"நேற்றையிலை இருந்து கால் உளைவு அண்ணை. படுத்தது காணாதாக்கும் எண்டு இன்னும் படுத்தனான்."

தையலைப் பிடித்துக்கொண்டு தாதியிடம் ஓடினேன்.

"திரும்பவும் உங்கட காலோ ஐயா? போய்ப் படுங்கோ."

"என்ரை இல்லைப் பிள்ளை, பக்கத்துக் கட்டில்காரற்றை."

"அவருக்கென்ன? மெலிஞ்ச ஆள்."

அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. மெலிந்தவன் எட்டு நாள் அசையாமல் கிடந்தால் இரத்தம் கட்டாதென்று யார் எழுதிக் கொடுத்தது? என் தொப்பையை ஊருக்கெல்லாம் அறிவித்தவர்களுக்கு, அந்த மனிதரின் போர்வையை ஒருமுறை தூக்கிப் பார்க்க ஏலாமற்போனதா? டொக்டரைக் கூப்பிடும்வரை வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். அது எனக்குச் சுலபமான வேலை.

டொக்டர் வந்து காலைப் பார்த்தார். இரத்தம் மேலும் கட்டாமலிருக்க அன்றே ஊசி தொடங்கினார்கள்.

நான் வீட்டுக்குப் போகும் நாளில், காலை உயர்த்தி வைத்துக் கிடந்த அவர், "அண்ணை, அந்த நூலை விட்டிட்டுப் போங்கோ," என்றார்.

மனைவி அதைக் கையில் கட்டப்போனாள்.

"கையிலை வேண்டாம் அக்கா," என்று காலை நீட்டினார்.