சும்மா தந்த மேல்மாடி அறை

"சேர், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி!"

போன வாரம் வவுனியாவில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் நின்ற பிள்ளை இப்படிச் சொன்னதும் நான் ஓரடி பின்வாங்கினேன். முன்பின் தெரியாத ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நல்ல செய்தி என்றால், எங்கள் பக்கத்தில் யாரும் உடனே சந்தோஷப்படுவதில்லை. முதலில் பர்ஸைத் தொட்டுப் பார்ப்போம்.

"என்ன பிள்ளை?"

"உங்கட ரூமை அப்கிரேட் பண்ணியிருக்கிறம். மேல்மாடியில சூட். எக்ஸ்ட்ரா சார்ஜ் ஒண்டும் இல்ல. நீங்கள் பிளாட்டினம் மெம்பர் எல்லோ!"

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இந்தப் பத்தி எழுதுவது என் ஆசை. வயிற்றுப்பிழைப்பு வேறு – கடற்கரையில் மீன் சேர்த்து வைக்கும் வாடிகளுக்கு ஐஸ் மிஷின் பொருத்துவதும் பழுது பார்ப்பதும். வீடு பூநகரியில். ஆனால் மாதத்தில் பாதி நாள் நீர்கொழும்பு, காலி, மட்டக்களப்பு என்று அலைச்சல். கம்பனி எப்போதும் ஒரே ஹோட்டல்காரரிடம்தான் அறை போடும். அப்படிப் படுத்துப் படுத்தே பிளாட்டினம் ஆனவன் நான். உழைத்து முன்னேறியவர்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள்... உறங்கி முன்னேறியவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

சரி, பிளாட்டினம் ஆனால் என்ன கிடைக்கும்? அப்கிரேட் கிடைக்கும். அந்தச் சுகத்தைக் கேளுங்கள்.

காலியில் 'கடல் பார்த்த அறை' தந்தார்கள். யன்னலைத் திறந்தால் கடல், சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். நீர்கொழும்பில் தேனிலவு அறை தந்தார்கள், தனியாகப் போன எனக்கு! கட்டிலில் ரோசாப்பூ இதழ்கள், நேர் கீழே கல்யாண மண்டபம். பெட்டியும் நானும் ரோசாப்பூவும் சேர்ந்து விடிய விடியப் பைலாப் பாட்டுக் கேட்டோம். கொழும்பில் கிடைத்த பெரிய அறையில் ஏசி மெத்தைக்கு மேலே சொட்டியது. அதற்கு ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார்கள்... வாளியும் இலவசம்.

அதனால் சும்மா தந்த அறைக்குள் போனால் நான் பெட்டியைக் கீழே வைப்பதில்லை. முதலில் பைப்பைத் திறப்பேன். சுவரில் காது வைப்பேன். மெத்தையைத் தூக்கிப் பார்ப்பேன். யன்னலால் எட்டி மேலே என்ன, கீழே என்ன என்று பார்ப்பேன். குறையைக் கண்டுபிடித்த பிறகுதான் நிம்மதியாகப் படுப்பேன். குறை அகப்படாவிட்டால் நித்திரை வராது.

இந்தச் சந்தேக வியாதி எனக்கு மட்டும் இல்லை. வன்னியில் எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கிறது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில் எங்களுக்குச் சும்மா தராத பொருள் என்ன? தறப்பாள், சைக்கிள், வாளி, கோழிக்குஞ்சு... எல்லாம் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் உதவி நிறுவனத்தின் பெயர் எழுதிய ஒரு பனர் இருந்தது, பனருக்கு முன்னால் ஒரு கமரா. என் மனைவி மனோகரியிடம் அதற்கென்றே ஒரு சேலை இருந்தது. நாங்கள் அதைப் 'போட்டோச் சேலை' என்போம். அதைக் கட்டிக்கொண்டு, குஞ்சைக் கையில் ஏந்திச் சிரிக்கச் சொன்னார்கள். அவளும் சிரித்தாள். குஞ்சு அடுத்த மழைக்குச் செத்துப்போனது. படம் இன்னும் எந்த நாட்டுச் சுவரில் தொங்குகிறதோ தெரியாது.

ஆகவே அந்தப் பிள்ளை "சூட்" என்றதும் பக்கத்தில் நின்ற மனோகரி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். கமராவைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் இந்த முறை பிரச்சினை கமரா இல்லை. பிரச்சினை சம்பந்தி.

அடுத்த நாள் விடியப்புறம் என் மகள் தாரணிக்கு எழுத்து. எழுத்து என்றால் கல்யாணப் பதிவு, தாலிகட்டு பிறகு. தாரணியும் மாப்பிள்ளை கஜனும் வவுனியாவில் ஒரே கந்தோரில் வேலை. அங்கேயே பார்த்து, அங்கேயே பிடித்து, எங்களுக்குப் பிறகு சொன்னார்கள். கஜன் வீட்டார் திருகோணமலை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் என்று வவுனியாவைப் பேசி, இந்த ஹோட்டலின் சின்ன மண்டபத்தை எடுத்தோம். பூநகரியில் இருந்து விடியப்புறம் வந்து சேர பஸ்ஸை நம்ப முடியுமா? முதல் நாளே வந்து தங்கினோம். எங்களுக்கு ஓர் அறை, சம்பந்திமாருக்கு ஓர் அறை, இரண்டும் ஒரே மாதிரி, இரண்டும் என் பெயரில்.

கஜனின் தாய் ராசமலர் அக்கா. ஓய்வுபெற்ற அதிபர். கண்ணாடியை மூக்கின் நுனியில் இறக்கி அவா ஒரு பார்வை பார்த்தால், செய்யாத குழப்படிக்கும் நாம் மன்னிப்புக் கேட்போம்.

முதல் தரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவா கேட்டது ஒரே கேள்வி.

"சொந்த இடம் பூநகரியோ?"

"ஓம்."

"அதுக்கு முந்தி?"

"கிளிநொச்சி."

"அதுக்கு முந்தி?"

நான் வாயெடுக்க, மனோகரி தேத்தண்ணியோடு வந்துவிட்டாள். கதை வேறு பக்கம் போனது. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் கதிரையிலேயே இருந்துவிட்டது. அதுக்கு முந்தி நாங்கள் மலையகம். தேயிலைத் தோட்டம், தொழிலாளருக்குக் கட்டிய லயம். வன்னியில் எங்களைப் போன்றவர்களைக் குறிக்க ஒரு சொல் இருக்கிறது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த சம்பந்தங்கள் அந்தச் சொல்லோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். என் தங்கைக்கும் அப்படி ஒன்று நின்றது. அதற்குப் பிறகு ராசமலர் அக்கா என்ன கேட்டாலும் "ஓம்" என்று சொல்லுவது என்று முடிவெடுத்தேன். பிள்ளை ஆசைப்பட்டது நடந்தால் போதும்.

இப்போது விளங்குகிறதா? பொம்பிளை வீட்டார் மேல்மாடி சூட்டில், மாப்பிள்ளை வீட்டார் முதலாம் மாடியில், குசினிக்கு மேலே! கேட்கப் பார்க்க நல்லாயிருக்குமா?

"பிள்ளை, அந்தச் சூட்டை மற்ற ரூமுக்கு மாத்தி விடுங்கோ. அவை மாப்பிள்ளை வீட்டார்."

"அது ஏலாது சேர். மெம்பர் தங்கிற ரூமுக்கு மட்டும்தான் சிஸ்டம் விடும்."

"அப்ப எனக்கு அப்கிரேட்டே வேண்டாம். என்ர பழைய ரூமைத் தாங்கோ."

அந்தப் பிள்ளையின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "அது... வேற ஆளுக்குக் குடுத்தாச்சு சேர்."

பார்த்தீர்களா! ஒரே அறையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு அதற்குப் பிளாட்டினம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் சந்தேகம் சரியாய்ப் போனதில் ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மனோகரிதான் என்னைத் தரைக்கு இறக்கினாள்.

"இஞ்சேருங்கோ, அவா வந்து இதைப் பாத்தா எழுத்து நடந்த மாதிரித்தான். பேசாம எங்கட ரூம் திறப்பை அவையிட்டக் குடுத்திட்டு, நாங்கள் கீழ படுப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

பின்னேரம் சம்பந்திமார் வந்தார்கள். மனோகரியும் தாரணியும் பின்னால் வர, நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே கூட்டிப்போனேன். கதவைத் திறந்தால் – துவாயில் மடித்த அன்னம், பழக்கூடை, சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. அந்த டிவியில், பெரிய எழுத்தில், என் பெயர். 'நல்வரவு திரு. சிவபாலன்.'

ராசமலர் அக்கா அப்படியே நின்றா. கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது.

"இது உங்கட ரூமோ?"

"ஓம்... இல்லை... உங்களுக்குத்தான் அக்கா."

அவா கைப்பையைக் கணவரிடம் கொடுத்தா. நேரே குளியலறைக்குப் போய் பைப்பைத் திறந்தா. திரும்பி வந்து சுவரில் காதை வைத்தா. மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தா. யன்னலால் எட்டி மேலே பார்த்தா, கீழே பார்த்தா.

மனோகரி என் முழங்கையில் கிள்ளினாள். "அப்பிடியே உங்களை உரிச்சு வைச்சிருக்கு."

குறை அகப்படவில்லை. அவா கதிரையில் இருந்தா.

"தம்பி, கதவைச் சாத்துங்கோ. முகத்துக்கு நேர கேக்கிறன், கோவிக்கக் கூடாது. எழுத்தை வவுனியாவில வைப்பம் எண்டன், ஓம் எண்டியள். விடியப்புறம் எண்டன், அதுக்கும் ஓம். தாலிகட்டைத் திருகோணமலையில வைப்பம் எண்டன், அதுக்கும் ஓம். பொம்பிளை வீட்டாரெண்டா ஒரு இடத்திலயாவது மறுத்துக் கதைப்பினம். இப்ப உங்கட ரூமையும் தூக்கித் தாறியள். என்ன ஒளிக்கிறியள்? பிள்ளையில ஏதும் குறையோ?"

மனோகரியின் முகம் செத்துப்போனது. தாரணி அறைக்குள்ளேதான் நின்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் பிள்ளையையா? சத்தம் போட வாயைத் திறந்தேன்... அப்போதுதான் உறைத்தது. காலியில், நீர்கொழும்பில், கொழும்பில் நான் கேட்ட அதே கேள்வியைத்தான் இந்த மனுசியும் கேட்கிறா. ஏன் சும்மா தருகிறார்கள்? பைப்பைத் திறந்து பார்ப்பது போல எங்களைத் திறந்து பார்க்கிறா.

உள்ளதைச் சொன்னேன். அப்கிரேட்டையும் சொன்னேன், குசினிக்கு மேலே இருக்கிற அறையையும் சொன்னேன்.

"மற்றது அக்கா, ஓம் ஓம் எண்டது பயத்தில. அண்டைக்கு 'அதுக்கு முந்தி' எண்டு கேட்டியள் எல்லோ? அதுக்கு முந்தி ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். தமிழரை அடிச்ச கலவரத்துக்குப் பிறகு அப்பா எங்களையும் சட்டி பானையையும் லொறியில ஏத்திக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தவர். ஒளிக்க வேற ஒண்டும் இல்ல. பிள்ளையில ஒரு குறையும் இல்ல."

ராசமலர் அக்கா டிவியில் இருந்த என் பெயரை ஒருதரம் பார்த்தா.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றா. "சம்பந்தம் செய்யிற இடத்தை விசாரிக்காம வாறதுக்கு நான் என்ன விசரியே?"

"பிறகேன் கேட்டனீங்கள்?"

"நீங்கள் சொல்லுறியளோ எண்டு பாக்கத்தான்." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தா. "பொய் சொல்லேல்ல தம்பி, முதல்ல எனக்கு விருப்பமில்ல. மகன் விடேல்ல. பேந்து பிள்ளையோட கதைச்சுப் பாத்தன், பிடிச்சுப்போச்சு. ஆனா நீங்கள் ஓம் எண்டு சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பயம் கூடினது."

விருப்பமில்லை என்றதைக் கேட்க நெஞ்சு எரிந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் இத்தனை மாதத்தில் அவா சொன்னதில் நான் சந்தேகப்படாத முதல் வசனமும் அதுதான்.

"மாமி" என்றாள் தாரணி. "எனக்கு ஒரு குறை இருக்கு."

என் உயிர் போய் வந்தது.

"எனக்கு விடியப்புறம் எழும்ப ஏலாது. கஜனுக்குத் தெரியும். நாளைக்கு எழுத்துக்கு என்னெண்டு எழும்பப் போறன் எண்டுதான் யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"அப்ப இஞ்ச என்னோட படும். நான் எழுப்பிறன்." அவா மனோகரியைப் பார்த்தா. "நீரும் இஞ்ச படும். இவ்வளவு பெரிய கட்டில். ஆம்பிளையள் ரெண்டு பேரும் குசினிக்கு மேல போகட்டும்."

ஆட்கள் பிரிந்தாயிற்று. வாசல்வரை போன நான் திரும்பினேன். எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது.

"அக்கா, இன்னொண்டு. தாலிகட்டு எங்கட பக்கம்தான். திருகோணமலைக்கு நான் ஓம் எண்டது பிழை."

ராசமலர் அக்கா முதல் தரமாகச் சிரித்தா. "இப்பதான் பொம்பிளை வீட்டாரோட கதைக்கிற மாதிரிக் கிடக்கு. அதைப் பேந்து பேசுவம், போய்ப் படுங்கோ."

நானும் சம்பந்தியும் கீழே, வெங்காயம் பொரிகிற வாசத்துக்கு மேலே, சுகமாக நித்திரை கொண்டோம்.

விடியப்புறம் மண்டபத்துக்கு வந்தால் பெண்கள் மூவரும் எங்களுக்கு முதலே வெளிக்கிட்டு இருக்கிறார்கள். தாரணியும்கூட! ராசமலர் அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக்களை.

"குறை பிடிபட்டிட்டுது தம்பி! யன்னலுக்கு நேர எதிர்ப்பக்கக் கோயில் ஸ்பீக்கர். இருட்டோட கத்தத் தொடங்கி உங்கட மகளே துள்ளி எழும்பீட்டாள். எனக்கு அப்பவே தெரியும், சும்மா தரமாட்டினம்."

பதிவாளர் வந்தார். கஜன் கையெழுத்து வைத்தான், தாரணி வைத்தாள், சாட்சிக்கு அவாவும் நானும் வைத்தோம். மனோகரி அழுதாள். நானும்தான்.

பால்ரொட்டிப் பலகாரத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தபோது கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் அவசரமாக உள்ளே வந்தார். ஹோட்டல் மனேஜர். பின்னால் ஒருவர் பனரைச் சுருட்டிப் பிடித்தபடி, இன்னொருவர் கமராவோடு.

"சேர், எங்கட பிளாட்டினம் மெம்பர் ஃபமிலியோட ஒரு போட்டோ. எங்கட ஃபேஸ்புக் பேஜில போடத்தான்."

மனோகரி சேலை மடிப்பைச் சரிசெய்தாள். எத்தனை வருசப் பழக்கம்!

படம் நேற்றுத்தான் போனுக்கு வந்தது. எல்லோரும் சிரிக்கிறார்கள், ராசமலர் அக்காவையும் என்னையும் தவிர. நாங்கள் இருவரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்து, ஒரே மாதிரித் தலையைச் சரித்து, கமராக்காரரைச் சந்தேகமாகப் பார்க்கிறோம்.

தெரியாதவர்கள் பார்த்தால் கூடப்பிறந்த அக்காவும் தம்பியும் என்றுதான் சொல்வார்கள்... அதுக்கு முந்தி எந்த ஊர் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.