கோல்கீப்பர் வீட்டு மாடு

"மாட்டை ஆருங்க கறக்கறது?"

போன வியாழக்கிழமை சாயந்திரம் எங்கள் ஊர் பால் சொசைட்டி வரிசையில் இந்தக் கேள்வி விழுந்தது. பேச்சு அப்படியே நின்றுபோனது. அதுவரை அங்கே நடந்தது பால் பேச்சே இல்லை — ஃபுட்பால் பேச்சு.

கேரள எல்லையில் எருத்தேன்பதிப் பக்கம் வந்து பார்த்தால்தான் இது புரியும். எங்களுக்குப் பார்லிமென்ட் என்பது சொசைட்டி வரிசைதான். பால் கேனைக் கீழே வைத்துவிட்டு நாலு பேர் நின்றால் போதும்... கோச்சை மாற்றுவார்கள், ஃபார்வர்டை விற்பார்கள், வேறு ஒருவனை வாங்குவார்கள். பாலை ஊற்றி முடித்த பிறகும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

நானும்தான். ஆனால் ஓரமாக நின்று கேட்பதோடு சரி. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுவட்டார ஊர்களுக்குள் ஒரு செவன்ஸ் லீக் நடக்கிறது. டீமுக்கு ஏழு பேர். எங்கள் டீமின் பெயர் பார்டர் பாய்ஸ். பாய்ஸ் என்று பெயர்தானே தவிர, பாதிப் பேருக்குத் தொப்பை விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் ப்ளே-ஆஃப். டிரா ஆனால்கூட மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

"கோச்ச மாத்துனாத்தான் நம்ம டீமு உருப்படும்," என்றார் பழனிச்சாமி அண்ணன். டீமின் முதல் ரசிகர் அவர்தான். தோப்புக்குத் தண்ணி விட மறந்தாலும் மறப்பார், ஆட்டத்தை மறக்கமாட்டார்.

கோச் சதாசிவம் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். டிப்பர் லாரி ஓட்டுகிறவர். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டி நிற்கிற நேரத்தில் செல்போனில் வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்ப்பார். பார்த்ததை ஞாயிற்றுக்கிழமை எங்கள் பையன்களிடம் முயற்சி செய்வார்.

"அண்ணா, நான் இங்கயேதானுங் நிக்கறேன்."

"அதனாலதாஞ் சொல்றேன். நீ இல்லாதப்ப சொன்னா அது பொறணியாயிருமல்ல?"

அடுத்து காண்ட்ராக்ட். எங்கள் டீமில் காண்ட்ராக்ட் என்பது வெறும் வாய்ச்சொல். பூட்ஸ் டீம் செலவு. ஆட்டம் முடிந்ததும் பரோட்டா. கோல் போட்டவனுக்கு ஒரு ஆம்லெட் சேர்த்து. எங்கள் ஃபார்வர்ட் ஒரு பொள்ளாச்சிப் பையன். அவனுக்கு வேறொரு ஊர் டீம் பிரியாணி பேசியிருப்பதாக வதந்தி. அந்தப் பிரியாணி கோழியா ஆடா என்பது வரைக்கும் விவாதம் போய்விட்டது.

கோல்கீப்பர் மணிகண்டனின் காண்ட்ராக்டில் மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. ஆட்டம் எங்கே நடந்தாலும் சரி, சாயந்திரக் கறவைக்குள் அவனை பைக்கில் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட வேண்டும்.

இதுவரை சிக்கல் வந்ததில்லை. எல்லா ஆட்டமும் காலையில். இந்தக் கடைசி ஆட்டத்துக்குக் கூட்டம் சேரட்டும் என்று சாயந்திரம் நாலு மணிக்கு வைத்துவிட்டார்கள். கறவை நேரமும் நாலு மணிதான்!

அதனால்தான் மணி அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"அம்மா உடுமலைல இருக்குதுங்க, அக்கா பிரசவத்துக்கு. மாளு என்னத் தவிர ஆரையும் கிட்ட உடாதுங்க. ஞாயித்துக்கெழம நான் வர்லீங்க."

மாளு, கறுப்பும் வெள்ளையுமாக மலை மாதிரி ஒரு மாடு. கன்று போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. இந்தச் சமயத்தில் ஒரு வேளை கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். வீக்கம் வந்தால் காம்பே கெட்டுப்போகலாம். மணி வீட்டில் இருப்பதும் அந்த ஒரு மாடுதான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் மாடு வைத்திருக்கிறவர்கள். 'ஒரு வேளைதானேப்பா' என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"மிஷின் வெச்சுக் கறந்தா?"

"மிஷின ஒதச்சுப்போடுச்சுங்க."

"அண்ணன் ஒரு கை பாக்கறதுதானே?" என்று யாரோ பழனிச்சாமி அண்ணனைக் கேட்டார்கள்.

"போன வருசம் பாத்தேன். மழை வந்தா இன்னும் முட்டி வலிக்குது."

"என்ற மச்சினன கோல்ல நிறுத்தலாமுங்க," என்றார் கோச்.

"அவன் பந்து வந்தா கண்ண மூடிக்கறானே?"

"பந்து வராமப் பாத்துக்கலாம்."

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆட்டத்த ஒரு மணி நேரம் தள்ளி வெக்கச் சொன்னா என்னங்க?"

பழனிச்சாமி அண்ணன் பதறிவிட்டார். "அட கெரகமே! கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. நம்ம கோலி வர்றது சந்தேகம்னு அந்த ஊர்க்காரனுக்குத் தெரிஞ்சு போயிரும். ஆரும் மூச்சு உடப்படாது!"

கோல்கீப்பரை நாங்கள் கோலி என்போம். கோலியின் ரகசியம் ஊரின் ரகசியம். எல்லாரும் தலையாட்டினோம். சரியாக அந்த நேரம் பார்த்து ராஜேட்டன் வந்து இறங்கினார். பால் வண்டி டிரைவர், பாலக்காட்டுச் சித்தூர்க்காரர். எங்கள் சொசைட்டிப் பாலையும் எதிர் டீம் ஊர்ச் சொசைட்டிப் பாலையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறவர்.

"ராஜேட்டா, இங்க கேட்டத அங்க போய்ச் சொல்லப்படாது, ஆமா!"

"எனக்குப் பாலு மாத்ரம் மதி," என்று சிரித்தார் ராஜேட்டன். பால் மட்டும் போதுமாம். அந்தச் சிரிப்பை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்...

அதற்குப் பிறகு நடந்ததை எனக்கே நம்ப முடியவில்லை. "நான் வேணாப் பாக்கட்டுங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்!

இத்தனை வருஷத்தில் நான் ஒரு ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. வரிசையில் காதால் கேட்டதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியும் போய்க் கேலரியில் உட்கார்ந்துவிடுவது என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, சேலைக்கு இஸ்திரியும் போட்டு வைத்திருந்தேன். ஆனால் மணி இல்லாமல் போய் எதைப் பார்ப்பது? கோச்சின் மச்சினன் கண்ணை மூடுவதையா?

வெள்ளிக்கிழமை ஒத்திகை. மணி பக்கத்தில் நிற்க, நான் மாளுவின் அருகில் உட்கார்ந்தேன். ஒரே உதை! வாளி பறந்துபோய் வைக்கோல் போருக்குள் விழுந்தது. சுத்தமான கோல்.

சாயந்திரம் பார்லிமென்ட் அவசரமாகக் கூடி ஒரு தீர்மானம் போட்டது. மாடு ஆளை வாசனையில்தான் அறியும். ஆகவே மணியின் கோல்கீப்பர் சட்டை இரண்டில் ஒன்றை நான் போட்டுக்கொள்ள வேண்டும். அதைத் துவைக்கக் கூடாது. "தண்ணில நனச்சயோ, தொலச்சுப்புடுவேன்," என்று மணிக்கு எச்சரிக்கை வேறு.

சனிக்கிழமை, சேலைக்கு மேல் அந்தப் பச்சைச் சட்டை. முதுகில் பெரிதாக ஒன்றாம் நம்பர். வாசனையைப் பற்றிக் கேட்காதீர்கள். மாளு முகர்ந்து பார்த்தது. உதைக்கவில்லை. ஆனால் பாலும் விடவில்லை.

"பேசோணுமுங்க்கா," என்றான் மணி. "நான் பேசிட்டேதான் கறப்பேன்."

பேசிக் காட்டினான். "எடத்துல நில்லு! லைன உடாத! காலு... காலு! சபாஷ்! இன்னுங் கொஞ்சந்தான், தாங்கிப் புடி!"

பால் குழாயைத் திறந்துவிட்டது போல இறங்கியது. மைதானத்தில் டிஃபென்ஸ்காரர்களைப் பார்த்து அவன் போடுகிற சத்தமும் அச்சு அசல் இதேதான் என்றார் கூட வந்திருந்த என் வீட்டுக்காரர். மைதானத்திலிருந்து தொழுவத்துக்கு வந்ததா, தொழுவத்திலிருந்து மைதானத்துக்குப் போனதா? அவனுக்கே தெரியவில்லை.

சத்தம் போடுவதா, நானா? என் முகத்தைப் பார்த்தே மணிக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்காரர் தன் போனில் அவன் குரலைப் பதிந்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். தீர்ந்தது பிரச்சினை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே காலி. கொல்லங்கோட்டுப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஆட்டம். எல்லாரும் அங்கே. நான் பச்சைச் சட்டையோடு தொழுவத்தில். கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டினேன். போனைத் தீவனத் தொட்டியின் விளிம்பில் வைத்து மணியின் குரலைப் போட்டேன். மாளு காதை ஆட்டியது. பால் இறங்கியது. பாதி வாளி நிறைந்தது. நான் மனசுக்குள் கோச்சானேன்.

மணியின் குரல் முடிந்தது. முடிந்தால் போன் சும்மா இருக்குமா? அடுத்து வந்திருந்த குரலைத் தானே எடுத்துப் போட்டது. கேலரியிலிருந்து என் வீட்டுக்காரர்!

"போச்சு! போச்சு! நமக்கு கோல் உழுந்துருச்சு! அட, ஆரப் பாத்துட்டு நிக்கறானுங்க, அறிவு கெட்ட..."

மாளு தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். தலையை ஒரு ஆட்டு ஆட்டியது. போன் தவிட்டுத் தண்ணிக்குள். பின்னங்கால் மேலே. வாளியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றினேன். சட்டைக்குத் தகுந்த கோல்கீப்பர் சேவ்தான்!

போன் மூச்சை விட்டுவிட்டது. மடியில் இன்னும் பாதிப் பால். மாளு இறுகிப்போய் நிற்கிறது. அங்கே மணி ஒரு கோல் வாங்கிவிட்டான். இங்கே நானும் விட்டுவிட்டால் அவன் எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவான்?

சுற்றிலும் பார்த்தேன். ஆளே இல்லை.

"நில்லு," என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

மாளு திரும்பி என்னைப் பார்த்தது. சரியாகக் கேட்கவில்லை என்பது போல.

"எடத்துல நில்லு."

காது அசைந்தது.

"லைன உடாத! காலு... காலு! சபாஷ்!"

பால் இறங்கியது. அடுத்து எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "லெஃப்ட்ல பாரு! உள்ள உடாத! ஆஃப்சைடு பாரு!" என்றெல்லாம் கத்தினேன். செவன்ஸில் ஆஃப்சைடே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. மாளு அதையெல்லாம் பெரிதுபடுத்தவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் கொடுத்தது. தென்னை மரத்துக் காக்கைகள்தான் பறந்து போய்விட்டன.

கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு ஓடினேன். ராஜேட்டன் என்னைப் பார்த்தார். என் முதுகைப் பார்த்தார். வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் உறைத்தது... சட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன்!

"இன்னக்கு இது ரெண்டாவது வேஷம், சேச்சி."

"ரெண்டாவதுன்னா?"

"அந்த ஊர் சொசைட்டில ஒரு பெரியவர், பத்தாம் நம்பர் சட்டையும் போட்டுப் பாலு கொண்டு வந்நு. கேப்டனோட மாமனார். அவங்க கேப்டன் வீட்டுப் பசுவும் வேற ஆளுக்குப் பாலு தராது. அங்கயும் மூணு நாளாயிட்டு பிராக்டீஸ்தான்!"

கேனைக் கீழே இறக்கி வைத்தேன். "இத ஏனுங்க எங்ககிட்டச் சொல்லல?"

"ரெண்டு ஊர்க்காரரும் ரகசியம்னு பறஞ்சதல்லே? என்றது பாலு வண்டி, சேச்சி. செய்தி வண்டி அல்ல."

இருட்டுகிற நேரத்தில் ஹாரன் சத்தத்தோடு பையன்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டுக்கு ஒன்று. ஜெயித்துவிட்டோம்! கடைசி நிமிஷத்தில் அந்தப் பத்தாம் நம்பர் கேப்டன் அடித்த பந்தை மணி பாய்ந்து தடுத்தானாம். வந்தவன் நேராகத் தொழுவத்துக்குப் போனான். மாளுவின் மடியைத் தொட்டுப் பார்த்தான். "காலியா இருக்குதுங்க்கா," என்றான். பரோட்டா சாப்பிடவும் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

திங்கட்கிழமை பார்லிமென்ட் மறுபடி கூடியது. ப்ளே-ஆஃப் அடுத்த ஞாயிறு. எத்தனை மணிக்கு? நாலு மணிக்கு!

"அம்மிணி, உங்க காண்ட்ராக்ட இன்னொரு வாரத்துக்கு நீட்டிட்டோம்," என்றார் பழனிச்சாமி அண்ணன். "பரோட்டா, ஆம்லெட் ரெண்டும் உண்டு. அந்தச் சட்டையத் தொவச்சுக் கிவச்சுப் போடாதீங்க!"

மெதுவாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தொழுவத்தில் ஏறிய சத்தம் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.

"மொதல்ல போனப் போட்டு நேரத்த மாத்தச் சொல்லுங்க!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கோச்சின் கை தானாகப் பைக்குள் போய் போனை எடுத்தது. லீக் நடத்துகிறவர் என்ன சொன்னார் தெரியுமா? "அஞ்சரைக்கு வெச்சுக்கலாமுங்க. ப்ளே-ஆஃப் வந்த நாலு டீமுலயுமே கறவை மாட்டுக்காரங்க இருக்கறாங்க. ஆராச்சும் கேக்கட்டும்னுதான் நாங்களும் பாத்துட்டிருந்தோம்."

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் இரண்டு ஊர்க்காரர்களும் இத்தனை பாடுபட்டோம். நம் கஷ்டம் எதிராளிக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்! தெரிந்தால் என்ன ஆகிவிடும்? நாம் பயப்படுகிற அந்த எதிராளியும் துவைக்காத சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கேயோ ஒரு மாட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஃபுட்பாலில் மட்டுமா? சம்பந்தி வீட்டில், வாய்க்கால் தகராறில், ஆபீஸில்... யோசித்துப் பாருங்கள்.

இந்த ஞாயிறு மாளுவை மணியே கறந்துவிட்டு வருவான். நான் இஸ்திரி போட்ட சேலையோடு கேலரியில் இருப்பேன்.

எனக்கு முன்வரிசையில் உட்காருகிறவர்கள் காதுக்குக் கொஞ்சம் பஞ்சு கொண்டுவருவது நல்லது.