தாய்மாமன் சேலை

வீரையாவை எனக்குக் கண்டாலே ஆகாது. சாக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் பெண்பிள்ளைகளைப் பேசிப் பிடித்து நூல் மில்லுக்கு ஏற்றிவிடுவதுதான் அவர் பிழைப்பு. வெள்ளைச் சட்டை, வாயெல்லாம் பல்.

அவர் முதலில் பிடித்துக் கொடுத்த பிள்ளை சொந்தத் தங்கை மலையம்மாள். எனக்குப் பக்கத்து வீடு. பன்னிரண்டு வயதில், பாதிப் படிப்பில் போனவள். மில்லுக்கு அதிகாரி சோதனைக்கு வருகிற நாளில் பாவாடைப் பிள்ளைகளுக்கெல்லாம் அவசர அவசரமாகச் சேலை கட்டிவிடுவார்களாம். சேலை கட்டிவிட்டால் பதினெட்டு வயது ஆகிவிட்டது என்று கணக்கு. அதிகாரியும் சேலையைத்தான் பார்ப்பாராம், முகத்தைப் பார்க்க மாட்டாராம். அந்தக் கண் நாசமாய்ப் போக! மலையம்மாளுக்கு அந்தச் சேலையை வாங்கி வந்தவரும் வீரையாதான்.

இரவு வேலையில் தூங்கி விழுந்து இயந்திரத்துக்கு ஒரு விரலைக் கொடுத்தாள். நெஞ்சில் பஞ்சுத்தூசி தங்கிவிட்டது. இன்றைக்கும் நாலு வார்த்தை பேசினால் இருமல் வந்துவிடும்.

போன மாசியில் அவள் மகள் துர்காதேவி பெரியவளானாள். எட்டாவது படிக்கிற பிள்ளை. எங்கள் பக்கத்தில் சடங்கன்று தாய்மாமன் கொண்டுவரும் சேலையைத்தான் பெண் முதலில் உடுத்த வேண்டும். வீரையா மேளத்தோடு, தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தார். எனக்கே மனசு கொஞ்சம் இளகிவிட்டது, வெட்கக்கேடு. அப்புறம் அவர் வாயைத் திறந்தார்.

"இந்தச் சேலையக் கட்டி நிப்பாட்டுங்க, யாரு சின்னப்புள்ளைனு சொல்லுவா? பரிச்சை முடியட்டும், மில்லு வண்டி இங்குட்டே வந்துரும். சொல்லி வச்சுட்டேன்."

மலையம்மாள் தட்டிலிருந்த சேலையை எடுத்தாள். நேராகப் போய் அண்ணன் கையிலேயே திருப்பி வைத்தாள். மேளம் நின்றுவிட்டது. தாய்மாமன் சேலையைத் திருப்பினால் பிறந்த வீட்டையே வேண்டாமென்று சொன்னதாக அர்த்தம். அவளுக்கு இருக்கிற பிறந்த வீடு அந்த ஒரு அண்ணன்தான்.

வீரையாவின் முகம் கறுத்துவிட்டது.

"யோசிச்சுச் செய்யி, ஆத்தா. நாளைக்கு நீ செத்துக் கெடந்தாலும் பொறந்த வீட்டுக் கோடி வராது."

செத்த பெண் மேல் உடன்பிறந்தான் கடைசியாகப் போர்த்துகிற புதுச்சேலையைச் சொல்கிறார். மகள் சடங்கு வீட்டில், தங்கையிடம் சொல்கிற பேச்சா இது? செருப்பைத் தேடினேன்.

மலையம்மாளுக்கு இருமல் வந்துவிட்டது. அது அடங்கும்வரை சுவரைப் பிடித்து நின்றாள்.

"அந்தக் கோடிய எனக்குப் பன்னெண்டு வயசுலயே போட்டுட்டீக, அண்ணே. எம்மகளுக்கு வேணாம், எடுத்துக்கிட்டுப் போங்க."