இருபத்து மூன்று கிளைகளும் ஒரே ஒரு விண்டோவும்

என் மனைவி எதையும் படிக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள். சோப்பு உறையின் பின்பக்கம், மருந்துச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருப்பது, கல்யாணத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரே ஒரு கடிதம், எல்லாவற்றையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அந்தக் கடிதத்தில் இருந்த மூன்று பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பியவள் அவள். நானும் தையல்காரன், அளவில் கறாரானவன்தான். ஆனால் இவளிடம் என் பருப்பு வேகாது.

முன்பு ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்தாள். அலுவலகம் மூடியது, மகள் பிறந்தாள், பதினோரு வருடங்கள் ஓடிவிட்டன. பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடம் வந்தால் பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு எங்கேயோ பார்ப்பாள். எனக்கு அது வலிக்கும். ஆனால் என்ன சொல்வதென்று தெரியாமல் கோடு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

பிறகு ஒருநாள் பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கிவந்து, என் துணி வெட்டும் மேசைக்கு எதிரிலேயே வைத்தாள். எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சர்வருக்குள் வீட்டிலிருந்தே பத்திரமாக நுழைந்து வேலை பார்ப்பதைத் தானாகவே படித்துக் கற்றுக்கொண்டாள். பயிற்சிக்கென்று எடுத்த சர்வரில் முதல் வாரமே ஏமாந்தாள். பாஸ்வேர்டு போட்டு நுழையும் வழியை அடைத்தாள். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போட்ட புது வழி வேலை செய்கிறதா என்று பார்க்காமலே, சர்வரோடு இணைந்திருந்த விண்டோவை மூடிவிட்டாள். அப்புறம் எங்கே நுழைவது? தன் வீட்டுக் கதவையே வெளியிலிருந்து தட்டுகிறவளைப் போல அரைநாள் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து ஒரு பிடிவாதம். புது வழியில் நுழைந்து பார்க்கும்வரை பழைய விண்டோவை மூடவே மாட்டாள்.

ரத்தப் பரிசோதனை நிறுவனம் ஒன்று அவளை மூன்று மாதம் பார்ப்போம் என்று வேலைக்கு எடுத்தது. இருபத்து மூன்று கிளைகள். ஒவ்வொரு கிளையும் பரிசோதனை முடிவை அனுப்பும்போதெல்லாம் தலைமை சர்வருக்குள் நுழைய வேண்டும். பாஸ்வேர்டு திருடு போகலாம் என்பதால் இனி எல்லாருக்கும் சாவி. சாவி என்பது இரண்டு கோப்புகள். ஒன்று அந்தக் கிளையின் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. அதன் ஜோடி சர்வரில் உள்ள பட்டியலில் ஏற வேண்டும். ஒரு கிளையின் மகானுபாவர், வெளியே போகக்கூடாததையே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார். "இது இனிமே உதவாது சார், வேற ஜோடி செய்வோம்" என்று இவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

போதாததற்கு, ஒரு கணினி முதன்முறை சர்வரோடு இணையும்போது சர்வரின் கைரேகை மாதிரி திரையில் நீளமாக எழுத்துகள் வரும், 'இந்த சர்வரை நம்பலாமா?' என்று கேட்கும். ஊரே கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' தட்டும். இவள் ஒவ்வொரு கிளையையும் போனில் பிடித்து எழுத்தெழுத்தாக வாசிக்கவைத்துச் சரிபார்த்தாள். கிளைகளில் இவளுக்குப் 'பூட்டம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவளுடைய குழுத் தலைவருக்கு இருபத்தெட்டு வயது. கால் தரையில் பாவாது. திங்கட்கிழமை போன் செய்தார்.

"மேடம், நீங்க ரொம்ப ஸ்லோ. உங்களை நிரந்தரமாக்கலாமா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிடுவேன்."

அவள் "சரி சார்" என்றுவிட்டு அடுத்த கிளைக்குப் போன் போட்டாள். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. அந்த ஆள் மட்டும் கோட் தைக்க வந்திருந்தால் ஒரு கையைக் குட்டையாக வைத்திருப்பேன்.

வியாழனுக்குள் எல்லாக் கிளைகளும் சாவியோடு நுழைந்து பார்த்துவிட்டன. பாக்கி இருந்தது பாஸ்வேர்டு வழியை அடைப்பதுதான். "அஞ்சு நிமிஷ வேலை மேடம், நானே செஞ்சுடறேன்" என்று வெள்ளிக்கிழமை காலை தலைவர் தானே இறங்கினார். அடைத்தார், தன் விண்டோவை மூடினார். திரும்ப நுழையப் போனால் சர்வர் முடியாது என்றுவிட்டது. கிளைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியது. ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். சர்வர் இருக்கும் ஊருக்கு ஆள் போய்ச்சேரவே ஒரு நாள் ஆகும்.

தலைவர் இவளுக்குப் போன் செய்தார். "மேடம், எல்லாரும் வெளிய மாட்டிக்கிட்டோம்."

"நான் உள்ளதான் இருக்கேன் சார்" என்றாள். காலையில் திறந்த விண்டோ அப்படியே இருந்தது. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை சர்வர் வெளியே தள்ளாது.

நான் அப்போதுதான் இஸ்திரிப்பெட்டியின் பிளக்கை எடுத்தேன். எங்கள் வீட்டு ஒயரிங்கில் அதைப் போட்டால் பாதி நேரம் கரண்ட் போய்விடும், கணினியும் அணைந்துவிடும்.

"என்னங்க, சுவிட்சுல கை வெச்சீங்க, இன்னைக்கு இங்க ஒரு கொலை விழும்."

வைத்தது வைத்தபடி சுவரோடு ஒட்டி நின்றேன்.

தலைவர் கத்தினார். "மேடம், பாஸ்வேர்டையே மறுபடி திறந்து விட்டுடுங்க! சீக்கிரம்!"

"கொஞ்சம் இருங்க சார். ஏன் விடலைன்னு சர்வரே எழுதி வெச்சிருக்கும். படிச்சுட்டுச் சொல்றேன்."

படித்தாள். நிதானமாக, சோப்பு உறையைப் படிக்கிற அதே நிதானத்தோடு.

"சார், சாவிப் பட்டியல் இருக்கிற ஃபோல்டர்ல யார் வேணும்னாலும் எழுதலாம்னு திறந்து விட்டிருக்கீங்களா?"

"காலையில... ஒரு வசதிக்காக..."

"யார் வேணும்னாலும் மாத்தக்கூடிய பட்டியலை சர்வர் நம்பாது சார். பாஸ்வேர்டு வேண்டாம். அந்த ஃபோல்டரை மறுபடி அடைக்க ஒரு வரி போதும்."

அந்த ஒரு வரியைத் தட்டினாள். மூன்று முறை படித்தாள். என்டரை அழுத்தினாள். பிறகு இன்னொரு விண்டோ திறந்து, சாவியோடு புதிதாக நுழைந்து பார்த்தாள். திறந்துகொண்டது! கிளைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரத் தொடங்கின. நான் விரல்விட்டு எண்ணினேன். விரல் போதாமல் மேசையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். இருபத்து மூன்று. ஒன்று பாக்கியில்லை.

தலைவர் மெல்லக் கேட்டார். "மேடம், உங்க விண்டோவை ஏன் மூடாம வெச்சிருந்தீங்க?"

"நீங்க திரும்ப உள்ள வந்துட்டேன்னு சொல்லவே இல்லையே சார்."

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் வந்தது. இவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சொல்லுங்க சார். திங்கட்கிழமை நான் வேலைக்கு வரட்டுமா, வேண்டாமா?"

"நீங்க வரலைன்னா எங்களை யாரு மேடம் உள்ள விடறது? லெட்டர் அனுப்பிட்டேன், பாருங்க."

கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். பிறகு போட்டாளே ஒரு கத்தல், அப்படி ஒரு குரல் அவளுக்கு இருப்பது எனக்கே தெரியாது. அடுத்த வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"பயப்படாதீங்க சார்" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "என் பெண்டாட்டிக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு."