கேட் அறையிலிருந்து தெரிந்த தெரு

லெவல் கிராசிங்கில் பதினெட்டு வருஷம் கேட்டை இறக்கி ஏற்றிய மனிதருக்கு வீட்டிலும் ரயில்தான். முன்னறையில் பாதியை ஒரு பலகை அடைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் விரல் நீள ரயில் பெட்டிகள், நகத்தளவு மனிதர்கள், சுவரோரம் வானம் வரைந்த அட்டை. "வீட்டுல மனுஷங்க நடக்க இடமில்ல, பொம்மைங்களுக்குத் தெரு போட்டுக் குடுத்திருக்கார்" என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

விபத்துக்குப் பிறகு அவள் கேலியை விட்டுவிட்டாள். அவர் இறக்கிய கேட்டுகளுக்கு நடுவே ஒரு வேன் மாட்டிக்கொண்டது. ரயில் மோதி நாலு பேர் போய்விட்டார்கள். முனையிலிருந்த மருந்துக்கடை மறைத்துவிட்டது, வேன் வந்ததே தெரியவில்லை என்று அவர் சொன்னார். சொன்னது சொன்னதுதான், மாற்றிப் பேசவில்லை. விசாரணையில் அதைக் காட்டிவிட்டால் வேலை திரும்பும், இல்லாவிட்டால் சிறை.

பேசிப் புரியவைக்க வராத மனிதர், செய்தே காட்டிவிடுவதென்று உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் அந்தத் தெரு பலகைமேல் வந்து நின்றது. கிழிந்த சுவரொட்டி, சைக்கிள் கடை வாசலில் எண்ணெய்க் கறை, எதையும் விடவில்லை. பின்னால் போகப் போக வீடுகளையும் ஆட்களையும் சிறிதாக்கி, மிச்சத் தெருவை அட்டையில் வரைந்திருந்தார்.

ரயில்வே தொழிற்சங்கச் செயலாளர் வந்து பார்த்தார். "வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாதுண்ணே. ஆனா விசாரணைக்காரங்க அளந்து பார்ப்பாங்க. தூரமாத் தெரியணும்னு எல்லாத்தையும் குறுக்கி வச்சிருக்கீங்க. கண்கட்டு வித்தைன்னு தள்ளிடுவாங்க."

அதுவும் நியாயம்தான். மனைவி ஒரு முனையைப் பிடிக்க, உண்மையான தெருவை நாடா வைத்து அளந்து வந்து, எல்லாவற்றையும் பெயர்த்து மறுபடி ஒட்டினார். மருந்துக்கடை இரண்டு விரற்கடை பின்னால் போனது.

பிறகு கன்னத்தைப் பலகையில் வைத்து, பொம்மைக் கேட் அறையின் சன்னல் வழியாகப் பார்த்தார். தெருவில் நிறுத்தியிருந்த பொம்மை வேன் முழுசாகத் தெரிந்தது. மறுபடி அளந்தார். அளவு சரி. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மனைவியும் குனிந்து பார்த்தாள். "அப்ப ஏன் உங்களுக்குத் தெரியலை?"

"நான் பார்க்கவே இல்ல. அன்னிக்கு ஒரு பொம்மை வீட்டுக்குச் சன்னல் சட்டம் வெட்டிட்டிருந்தேன். மணி அடிச்சுது. தலையைத் தூக்காமலே கைப்பிடியைச் சுத்திட்டேன்."

கடை மறைத்தது என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியிருந்தார், பாவி மனிதர். செத்த நாலு பேரில் ஒருத்தி மனைவியிடம் துணி தைக்கக் கொடுக்கிறவள்.

பொம்மைச் சாமான் பெட்டியிலிருந்து அவள் ஒரு சின்ன மரத்தை எடுத்தாள். "இதைக் கடைக்கு முன்னாடி வச்சிரலாம். அப்புறம் ரோட்டை அகலமாக்கினப்ப வெட்டிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

"அங்க மரமே இல்ல."

"எனக்கும் தெரியும்."

கோந்து தடவி அவள்தான் நட்டாள். காயும்வரை அது சாயாமல் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.