பஞ்சு மருந்து

சித்தியின் வேலை கழுவுவது. பருத்தியிலிருந்து எடுத்த செல்லுலோஸை ரசாயனத்தால் பக்குவப்படுத்தி, அந்த இழைகளில் புற்றுநோய் மருந்தை ஏற்றுகிற ஆய்வகம் அது. இழையில் பிடிக்காத மருந்து போகும்வரை அவள் அலச வேண்டும். மருந்து சிவப்பு, அலசிய தண்ணீர் வெளுத்தால்தான் வேலை முடிந்தது. மருந்து உடம்பெல்லாம் பரவாமல், கட்டிக்குப் பக்கத்தில் போய் இறங்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

அதே சிவப்பு மருந்தைத்தான் சித்தப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் நேராக நரம்பில் ஏற்றினார்கள். வாயெல்லாம் புண். தலை மொட்டை. "சீப்புச் செலவு மிச்சம்" என்பார். நான் பயணம் முடிந்து அவர்கள் வீட்டில் வந்து இறங்கியபோது, அடுத்த ஊசிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன் பஞ்சு மருந்து வரட்டும். அதுவரைக்கும் என்னை விடு."

"எலிக்கே இன்னும் குடுக்கலைங்க."

"அப்ப எலிக்கு அப்புறம் நான். துண்டு போட்டு வெச்சுடு."

சித்தி மறுத்துப் பேசவில்லை.

அந்த வாரம் எலிகளுக்கான மருந்தைக் கழுவி முடித்தாள். அதை உறையவைத்து, மெல்ல மெல்ல உலர்த்த வேண்டும். சித்தி அதைச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டாள். சாயங்காலம் திறந்தபோது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, நகம்போல இறுகிக் கிடந்தன. தண்ணீரில் போட்டும் பிரியவில்லை.

ஆய்வகத் தலைவி அதை விரலால் தட்டிப் பார்த்தாள். "இத்தனை வருஷமா செய்றீங்க. ஏன்க்கா?"

"அவசரப்பட்டுட்டேன்."



சித்தி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "எலி மருந்து கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன்."

சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். "அப்ப என் முறை தள்ளிப்போகுது. எவ்வளவு, ஒரு மாசமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மருந்து வராததற்கான பழி அந்தச் சூட்டுப் பெட்டியோடு போயிருக்கும். சித்தி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கெடாம இருந்தாலும் உங்களுக்கு வந்திருக்காதுங்க. எலிக்கு அப்புறம் இன்னும் எத்தனையோ சோதனை இருக்கு. வருஷக்கணக்காகும். எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்ல வாய் வரல."

"சின்னப் பிள்ளைய ஏமாத்தற மாதிரி ஏமாத்திட்டியே" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தி எழுந்திருக்கவில்லை.

கடைசியில் அவர்தான் கேட்டார். "நாளைக்குப் போனா ஊசி போடுவாங்களா, திட்டுவாங்களா?"

"ரெண்டும்தான்."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "அரைக்கைச் சட்டையா ஒண்ணு எடுத்து வைம்மா. முழுக்கைய மடிச்சுவிட்டா நிக்க மாட்டேங்குது."