காப்பை அறுத்தவன்

கருணாபுரத்து மாயவன் பள்ளிக்கூடம் போனது மொத்தம் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் வாத்தியார் அடித்தார் என்று ஓடிவந்தவன், அதற்குப் பிறகு அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அப்பனோடு கரும்பு வெட்டினான், வரப்புக்கு அண்டை வெட்டினான், செவ்வந்தியைக் கட்டினான். கள்ளக்குறிச்சிக்கு வெளியே தனியார் சர்க்கரை ஆலை ஒன்று வந்தபோது சக்கை அள்ளும் கூலியாகச் சேர்ந்து, ஆறே வருஷத்தில் பாய்லருக்கு நெருப்புப் போடும் ஃபயர்மேன் ஆகிவிட்டான். படித்தவனுக்குக் கொடுக்கும் வேலை அது. மாயவனுக்கு அதை வாங்கிக்கொடுத்தது அவனுடைய காது.

அந்த பாய்லர் வேறெங்கோ ஓடிக் களைத்து, சல்லிசாக வந்து சேர்ந்த கிழம். தண்ணீர் குறைகிறதா, நெருப்பு ஒரு பக்கம் சாய்கிறதா என்று அதன் முனகலை வைத்தே மாயவன் சொல்லிவிடுவான். மற்றவர்கள் மீட்டரைப் போய்ப் பார்த்து வருவதற்குள் அவன் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருப்பான். பாய்லரோடுதான் குடும்பம் நடத்துகிறான் என்று ஆலையில் கேலி பேசுவார்கள். செவ்வந்திக்கு அந்தக் கேலி பிடிக்காது. அவளும் அங்கேதான், பாய்லருக்குப் பத்தடி தள்ளி, கரும்புச் சக்கை அள்ளிக்கொண்டிருந்தாள்.

பாய்லர்க்காரர்கள் அதை அங்காளம்மா என்றே சொல்வார்கள். வருஷாவருஷம் கரும்பு அரவை தொடங்கும் நாளில் கற்பூரம் காட்டி மஞ்சள் துணியில் காப்புக் கட்டுவார்கள். கட்டும் இடம் சேஃப்டி வால்வு. அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பாய்லரின் தலையில் ஒரு மூடி, மூடியை அழுத்திக்கொண்டு ஒரு நீளக் கம்பி, கம்பியின் நுனியில் ஓர் இரும்புக் குண்டு. ஆவி அளவுக்கு மிஞ்சினால் குண்டையும் தூக்கிக்கொண்டு மூடி திறக்கும். அப்போது போடும் சத்தம் தியாகதுருகம் ரோடு வரைக்கும் கேட்கும். கேட்டால் நல்லது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காவிட்டால்தான் ஆபத்து.

கட்டிய காப்பை அரவை முடிகிறவரை யாரும் தொடக்கூடாது. ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவன் எல்லை தாண்ட மாட்டான், தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அதே கட்டுப்பாடுதான் இதற்கும்.

1968, தை மாதம். ஆலைக்குப் பத்தாண்டு நிறைவு விழா. அரவை உருளைகளைச் செய்து அனுப்பிய ஐரோப்பிய நாட்டிலிருந்து ஒரு சிம்பொனி இசைக்குழு இந்தியாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. சென்னையில் வாசித்துவிட்டுக் கோயம்புத்தூர் போகிறவர்களை யார் யாரையோ பிடித்து ஒரு சாயங்காலம் இங்கே இறக்கிவிட்டார் முதலாளி. கள்ளக்குறிச்சி கேட்டதா என்றால், கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் உண்டு?

இரண்டு பஸ்ஸில் அறுபது பேர் வந்தார்கள். பியானோ தனி லாரியில் வைக்கோல் மெத்தைமேல் வந்தது. பதினாறு பேர் சேர்ந்து அதைச் சர்க்கரை குடோனுக்குள் தூக்கிவைத்தார்கள். சர்க்கரை இருக்கும் இடத்தில் எறும்புக்குப் பஞ்சமா? அரைமணி நேரத்தில் பியானோவுக்குள் சாரை போக ஆரம்பித்தது. சோற்று அலமாரிக்குச் செய்வதுபோல அதன் மூன்று கால்களையும் தண்ணீர்த் தட்டுகளில் நிறுத்தினார்கள். அதை வாசிக்க வந்த ஹெலேனா அம்மையாருக்கு எழுபத்துநான்கு வயது. ஐம்பது வருஷமாக மேடையேறுகிறவர். தண்ணீரில் நின்ற பியானோவைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தார்.

சிரிப்பு ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. குடோனுக்கும் பாய்லர் கொட்டகைக்கும் நடுவே வெறும் தகரச் சுவர். மத்தியானம் ஒத்திகையில் அம்மையார் மெதுவாக ஓர் இடத்தை வாசிக்கும்போது வால்வு திறந்து அலறியது. வயலின்காரர்களில் பாதிப்பேர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்கள். முதலாளி இன்ஜினியர் கந்தசாமியைக் கூப்பிட்டார்.

“கலெக்டர் உக்காந்திருக்கும்போது இது கத்திச்சுன்னு வையி, நாளைலேர்ந்து நீ உங்கப்பன் நெலத்துல ஏர் ஓட்டலாம்.”

கந்தசாமி நிலபுலன் உள்ள குடும்பத்துப் பிள்ளை. ஏர் ஓட்டுவதற்காக அவரைப் படிக்கவைக்கவில்லை.

ஐந்து மணிக்கு மாயவன் வேலைக்கு வந்தான். உள்ளே காலை வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று அவனுக்குப் பட்டது. வால்வுக் கம்பியில், பழைய காப்பைத் தாண்டி, குண்டுக்குப் பக்கத்தில், குழந்தைத் தொடை கனத்துக்கு ஒரு மஞ்சள் துணிப் பொட்டலம் தொங்கியது. குங்குமம் வைத்திருந்தது. அடியில் கற்பூரம் எரிந்த கறை. மூத்த ஃபயர்மேன் சின்னக்கண்ணு, செவ்வந்திக்குச் சித்தப்பா முறை, கையைக் கட்டிக்கொண்டு பக்தியாக நின்றார்.

“இன்னா மாமா இது?”

“இன்ஜினியரு கட்டனாரு. விழா நல்லா நடக்கணும்னு கோயில்ல பூசை வெச்சு எடுத்தாந்த காப்பாம். அவரே ஏணி ஏறிக் கட்டனாருடா, செருப்பக் கழட்டிட்டு.”

“எந்தக் கோயில்ல இம்மாம் தடியா காப்புக் கட்றாங்க?”

“வாயக் கழுவு. ஆத்தா கேட்டுக்கினு இருக்கா.”

மாயவன் கந்தசாமியைத் தேடிப் போனான். அவர் புதுச் சட்டையில், கலெக்டர் கார் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், அந்தக் காப்பு கொஞ்சம் கனமா கீற மாதிரி தெரியுதுங்க.”

“சாமி விஷயம்டா. கனமாத்தான் இருக்கும்.”

“அரவைய நிறுத்தப் போறீங்களாமே. ஆவி எங்கங்க போவும்? நெருப்ப வாரிக் கொட்டிடட்டுங்களா?”

“வாரிட்டா மறுபடி மூட்ட அரை நாள் ஆவும். வெளில எரநூறு வண்டிக் கரும்பு காய்ஞ்சுக்கினு நிக்குது, கண்ணு தெரியலயா? உலைக் கதவ மூடி வெச்சுக்கோ. ஒரு மணி நேரம். போ.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “காப்புல எவன் கைய வெச்சாலும் அவன் வூடு வெளங்காது, ஞாபகம் வெச்சுக்கோ” என்றார்.

மெத்தப் படித்த மனிதர். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆறரைக்கு அரவை நின்றது. மூன்று மாதமாக ராப்பகலாய் ஓடிக்கொண்டிருந்த உருளைகள் நின்றதும் வந்த அமைதியில் மாயவனுக்கு பாய்லரின் முனகல் மட்டும் தனியாகக் கேட்டது. மேற்கே கல்வராயன் மலைமேல் இருந்த வெளிச்சமும் அணைந்துகொண்டிருந்தது. குடோனில் முன்னூறு பேர். கலெக்டர், அதிகாரிகள், சலவை வேட்டியில் கரும்பு விவசாயிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள். குழு சுருதி சேர்த்ததையே கச்சேரி என்று நினைத்து ஒருவர் கைதட்டிவிட்டார். பின்னால் உட்கார்ந்த ஆலைப் பங்குதாரர்களும் மரியாதைக்குத் தட்டிவைத்தார்கள்.

பாய்லர் கொட்டகையில் மாயவன் உலைக்கதவுகளை மூடினான். மூடினால் மட்டும் சக்கை எரியாமல் இருந்துவிடுமா? ஆவி இழுக்க ஆளில்லை. மீட்டர் முள் ஊர்ந்துகொண்டிருந்தது. சிவப்புக் கோடு நூற்றிருபதில். வழக்கமாக முள் அதைத் தொட்டதும் வால்வு திறக்கும். அன்றைக்குத் தொட்டது. தாண்டியது. வால்வு வாய் திறக்கவில்லை.

பம்பைப் போட்டுப் பச்சைத் தண்ணீர் ஏற்றினான். பம்பு இரண்டு தட்டுத் தட்டியதும் முதலாளியின் ஆள் ஓடிவந்து நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். நூற்று முப்பது.

செவ்வந்தி சக்கைக் குவியலில் உட்கார்ந்து, தகரச் சுவரில் காதை வைத்திருந்தாள். வயிற்றில் ஆறு மாதம். உள்ளே மற்ற வாத்தியங்கள் அடங்கி, பியானோ மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

“செவ்வந்தி, வூட்டுக்குப் போ.”

“இன்னாத்துக்கு?”

“போன்னா போ. மத்தவங்களையும் கூப்டுக்கினு போ.”

“சும்மா இருய்யா. கெயவி இன்னாமா வாசிக்குது பாரு. தண்ணி சொட்டுற மாதிரி கீது. முடியட்டும், போறேன்.”

காரணத்தைச் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. அங்காளம்மா வெடிக்கப்போகிறாள் என்று அவள் எதிரிலேயே எப்படிச் சொல்வது? அந்த ஊரில் கெட்ட வார்த்தை பலித்துவிடும். இன்ஜினியரின் பொட்டலத்தை நம்பாதவனுக்கும் அந்தப் பயம் போகவில்லை.

நூற்று நாற்பத்தைந்து. பாய்லரின் முனகல் மெலிந்து, கூர்மையாகி, கொசுவின் ரீங்காரம் அளவுக்கு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தை மாயவன் அதுவரை கேட்டதே இல்லை. தகடுகளை ஆணியடித்துச் சேர்த்த தையல் ஓரமாக டிக், டிக் என்று இரும்பு பேசியது. சுவருக்கு அந்தப் பக்கம் பியானோ இன்னும் மெல்லப் போனது. முன்னூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அவனுக்குப் பயம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஏணியில் ஏறினான். சின்னக்கண்ணு பாய்ந்துவந்து காலைப் பிடித்தார்.

“டேய், காப்புடா! அறுக்காதடா! வம்சம் வெளங்காதுடா!”

“கால விடு மாமா.”

“செவ்வந்தி மாசமா கீறாடா, பாவி!”

அவளுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்கு நேரமில்லை. காலை உதறினான். கரும்புக் கட்டு அறுக்கும் கத்தியால் மஞ்சள் துணியை இரண்டே இழுப்பில் அறுத்தான். பொட்டலம் கீழே இரும்புத் தகட்டில் விழுந்து பிரிந்தது. உள்ளே முழநீளத் தண்டவாளத் துண்டு.

அடுத்த நொடி வால்வு திறந்தது. அவன் வலது கை முழங்கைவரை வெந்துபோனது. அந்த அலறலில் குடோனே அதிர்ந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கலெக்டரின் டவாலிச் சேவகன் அவரை இழுத்துக்கொண்டு வெளியே போனான், பெரிய வயலின் ஒன்று சரிந்து கழுத்து முறிந்தது. போரைப் பார்த்த நாட்டுக்காரர்கள், பாதிப்பேர் நாற்காலிக்கு அடியில் போய்விட்டார்கள். ஹெலேனா அம்மையார் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கால்மணி நேரம் கழித்துச் சத்தம் ஓய்ந்ததும், மிச்சம் இருந்த நாற்பது பேருக்கு, விட்ட பகுதியை முதலிலிருந்து வாசித்தார்.

வாசித்து முடித்த கையோடு பாய்லர் கொட்டகைக்கு வந்தார். மொழிபெயர்க்கக் கந்தசாமியும் கூட வந்தார். அம்மையார் மீட்டரில் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். தரையில் கிடந்த தண்டவாளத்தையும் மஞ்சள் துணியையும் பார்த்தார். குனிந்து துண்டின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு மாயவனைப் பார்த்துப் பேசினார். நிறையப் பேசினார். நடுவில் அவர் குரல் உடைந்தது.

“இன்னாங்க சொல்றாங்க?” என்று மாயவன் கேட்டான்.

“கைக்கு மருந்து போடச் சொல்றாங்க” என்றார் கந்தசாமி.

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா என்று பதினோரு நாள் படித்தவனுக்கே சந்தேகம் வந்தது. மறுநாள் விடியும்போது இரண்டு பஸ்ஸும் லாரியும் சேலம் ரோட்டில் போய்விட்டன. தண்டவாளத் துண்டையும் காணவில்லை. விழாவைக் கெடுத்த குற்றத்துக்காக மாயவனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

ஆலைக்காரர்கள் செய்ததைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். அவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அவனை வீழ்த்தியது கருணாபுரம். நடந்ததை அவன் வீடு வீடாகச் சொன்னான். சின்னக்கண்ணுவே நேரில் பார்த்தவர். அவர் தெருவில் நின்று சொன்னார்:

“உள்ள இரும்பு இருந்தா இன்னா, கட்டை இருந்தா இன்னா? கற்பூரம் காட்டிக் கட்டனா காப்புதான். நாமளா இருந்தா அறுப்பமா?”

பாய்லர் வெடிக்க இருந்தது என்று மாயவன் சொன்னான். வெடிக்கலியே என்றார்கள். மாசியில் அங்காளம்மாவின் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு வீடு வீடாக அரிசி வாங்கியவர்கள் அவன் வீட்டில் வாங்கவில்லை. பங்குனியில் தெருக் கிணறு வற்றியது. சித்திரையில் இரண்டு வீட்டில் அம்மை போட்டு ஒரு கிழவர் போய்ச் சேர்ந்தார். எதற்கும் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. அவன் வரும்போது பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். வேகாத கைக்குக்கூட வேலை கொடுக்க ஆளில்லை.

வைகாசியில் செவ்வந்திக்குப் பெண்குழந்தை பிறந்தது. பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் கண்டு, இருபத்தோராம் நாள் இறந்துவிட்டது. புதைக்கப் பங்காளிகள் இரண்டு பேர்தான் வந்தார்கள். அவர்களும் மண்ணைத் தள்ளிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

அந்த ஆடியிலேயே இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பி கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போனார்கள். அங்கே சாமைக் கொல்லைகளில் களை எடுத்து, கதிர் அறுத்து, மாயவன் இன்னும் இருபத்தாறு வருஷம் இருந்தான். வெந்த கை கடைசிவரை முழுசாக மடங்கவில்லை. பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து நன்றாகவே வளர்ந்தார்கள். கந்தசாமி பெரிய பதவிக்குப் போய் ஓய்வுபெற்றார்.

மலைக்குப் போன முதல் வருஷம் ஒரு மத்தியானம், கொல்லையில் கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது செவ்வந்தி அவனைக் கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. பல மாதம் மனசில் போட்டு உருட்டிவிட்டுத்தான் கேட்டாள்.

“அன்னிக்கு நீ சும்மா இருந்திருந்தா, கொயந்த இருந்திருக்குமில்ல?”

மாயவன் கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தான். பத்தடி தூரத்தில், தகரச் சுவரில் காதை வைத்து அவள் உட்கார்ந்திருந்தது அவன் கண்முன் வந்தது. சும்மா இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க அவளே இருந்திருக்க மாட்டாள். அதைச் சொன்னால், தன் உயிருக்குப் பதிலாகத்தான் குழந்தை போனது என்று அவள் எடுத்துக்கொள்வாள்.

“இருந்திருக்கும்” என்றான்.

அதற்குப் பிறகு அவள் அவனிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.